லந்தாவுக்குக் கடல் வழியாகப் போங்கள்

ஹாங்காங் வருகிற நம் ஆட்கள் லந்தாவு தீவுக்குப் பெரும்பாலும் அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். காலையில் கேபிள் கார், மேலே பெரிய புத்தர், நாலு படம், மத்தியானம் இறங்கி வந்து அடிவாரத்து ஊரான துங் சுங்கில் தள்ளுபடிக் கடைகளில் ஷூ. மறுநாள் டிஸ்னிலேண்ட். அதுவும் அதே தீவில்தான் இருக்கிறது என்பதால், "லந்தாவு முடிஞ்சது" என்று பட்டியலில் ஒரு டிக் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள்.

வேலை நிமித்தம் கவுலூனில் குடியிருந்த காலத்தில் ஊரிலிருந்து வந்தவர்களையெல்லாம் அங்கே அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. அம்மா அப்பாவோடு, நண்பர்களோடு, தனியாக என்று பல விதமாகப் போய்ப் பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. அந்தத் தீவுக்குக் கடல் வழியாகப் போக வேண்டும். கேபிள் காரைத் திரும்பி வருவதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு மாற்றத்தில் நாளே வேறு மாதிரி ஆகிவிடும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அளவு. சென்ட்ரல் என்னும் நகர மையத்தில் கட்டடக் காடாக நிற்கிறதே ஹாங்காங் தீவு, அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பெரியது லந்தாவு. சுமார் 147 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் அரசு பாதுகாக்கும் வனப் பூங்கா, வீடு கட்ட முடியாது. நடுவில் முதுகெலும்பு போல மலைத்தொடர். அதன் உச்சியான லந்தாவு சிகரம் 934 மீட்டர். ஹாங்காங்கிலேயே இரண்டாவது உயரம். பக்கத்திலேயே 869 மீட்டரில் சன்செட் பீக், அது மூன்றாவது. எழுபது லட்சம் பேருக்கு மேல் நெருக்கியடித்து வாழும் ஊரின் ஓரத்தில் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்தால் நம்பத் தோன்றாது. 1997-இல் சிங் மா பாலம் திறக்கும்வரை அங்கே போகப் படகை விட்டால் வேறு வழியே இல்லை. அடுத்த ஆண்டு புதிய விமான நிலையம் தீவின் வடக்கு ஓரத்தில் வந்தது, மெட்ரோ ரயிலும் துங் சுங் வரை வந்துவிட்டது. கூட்டம் அந்த வடக்குப் பக்கத்தோடு நின்றுகொண்டது. தெற்குப் பக்கம் இன்னும் பழைய லந்தாவுதான்.

அந்தத் தெற்குப் பக்கத்துக்குப் போகும் படகு சென்ட்ரலில் 6-ஆம் எண் துறையிலிருந்து கிளம்புகிறது. போகும் இடம் முய் வோ. வேகப் படகு முக்கால் மணிக்குள் சேர்த்துவிடும். சாதாரணப் படகுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். நான் சாதாரணப் படகையே சொல்வேன். விலை குறைவு என்பது மட்டும் காரணமில்லை. வேகப் படகில் கண்ணாடிக்குப் பின்னால் ஏசியில் அடைபட்டு உட்கார வேண்டும், அலை இருந்தால் அம்மா மாதிரி ஆட்களுக்குக் குமட்டும். மெதுவாகப் போகும் படகில் சரக்குக் கப்பல்களையும் சின்னச் சின்னத் தீவுகளையும் பார்த்துக்கொண்டே போகலாம். ஆக்டோபஸ் கார்டு இருந்தால் டிக்கெட் வரிசையே கிடையாது. படகு, பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் அதே கார்டுதான். ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் படகுக்கும் தீவு பஸ்ஸுக்கும் கட்டணம் கூடும், கூட்டமும் கூடும். வார நாளில் போக முடிந்தால் யோசிக்கவே வேண்டாம்.

முய் வோவில் இறங்கியதும் துறைக்கு எதிரிலேயே பஸ் நிலையம். எங்கள் அம்மாவுக்கு ஹாங்காங்கில் முதன்முதலாக மனசு நிறைந்தது அந்த இடத்தில்தான். காரணம், மாடு. சாலையோரம் மூன்று நான்கு மாடுகள் யாரைப் பற்றியும் கவலையில்லாமல் அசை போட்டுக்கொண்டிருந்தன. "ஏண்டா, இவ்வளவு நாளா இதை ஏன் காட்டலை?" என்றார். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் நெல் வயல். விவசாயம் படுத்ததும் உழவு மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள்; அவற்றின் வழி வந்தவைதான் இன்று தீவு முழுக்கத் திரிகின்றன. அடுத்த ஊரான புய் ஓவில் சேற்று நிலத்தில் எருமைகளும் உண்டு. வாழைப்பழம் கொடுக்கப் போன அம்மாவைத் தடுக்க வேண்டியிருந்தது. மனிதர் கொடுத்துப் பழகினால் அவை சாலைக்கு வந்து அடிபடுகின்றன, பையைப் பிடுங்கவும் பழகிவிடுகின்றன. அம்மாவுக்கு இது புரிந்தாலும் பிடிக்கவில்லை.

முய் வோவிலிருந்து புத்தர் இருக்கும் நொங் பிங்குக்கு 2-ஆம் எண் பஸ். வார நாட்களில் பஸ் அடிக்கடி கிடையாது. அதனால் படகு நேரத்தையும் பஸ் நேரத்தையும் முந்தைய நாளே சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது. ஏறும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சுமார் 3 கிலோமீட்டர் நீளும் சியுங் ஷா கடற்கரை அந்தப் பக்கம்தான் வரும். அப்புறம் 1963-இல் கட்டி முடித்த ஷெக் பிக் அணையின் மேலேயே பஸ் ஓடும். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கீழே சிறைச்சாலை. அங்கே ஏரிக்கு மேலே மலை முகட்டில் புத்தர் சின்னதாகத் தெரிவார். அப்பா முதலில் அதை ஏதோ டவர் என்று நினைத்தார். போகப் போக அது உருவமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே ஏறுவது கேபிள் காரில் கிடைக்காத அனுபவம்.

சரி, இப்போது அந்தக் காரணம். துங் சுங்கில் காலை பத்து மணிக்கு மேல் கேபிள் கார் ஏற வரிசை நீளும். சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகு நொங் பிங்கில் கீழே இறங்குவதற்கு வரிசை நீளும். எல்லோரும் ஒரே திசையில் போய் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள். நீங்கள் படகும் பஸ்ஸுமாக மேலே போய், மதியம் சாப்பிட்டு இரண்டு மூன்று மணிக்குள் ஒரு வழி டிக்கெட்டில் இறங்கினால் இரண்டு வரிசையிலும் மாட்ட மாட்டீர்கள். இன்னொரு லாபமும் உண்டு. பலத்த காற்று, இடி மின்னல் வந்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். பராமரிப்புக்கென்றே சில நாட்கள் மூடுவார்கள். 2017-இல் கம்பி மாற்றுவதற்காக மாதக்கணக்கில் மூடியிருந்தார்கள். ஏறுவதற்கே அதை நம்பி வந்தவர் அங்கேயே நிற்பார். நீங்கள் ஏற்கெனவே மேலே போய்விட்டதால் 23-ஆம் எண் பஸ்ஸைப் பிடித்துத் துங் சுங்குக்கு இறங்கிவிடலாம்.

புத்தரைப் பற்றி. சிலை பழையதில்லை. 1993 டிசம்பரில் முடிந்தது. வெண்கலம், உயரம் 34 மீட்டர். பெய்ஜிங்கில் இருக்கிற சொர்க்க ஆலயத்தின் பலிபீடத்தை மாதிரியாக வைத்து அடித்தளம் கட்டியதால் அந்தப் பெயரிலேயே தியான் தான் புத்தர் என்று அழைக்கிறார்கள். எதிரில் இருக்கும் போ லின் மடம் 1906-இல் மூன்று துறவிகள் சிறிய குடிசையாகத் தொடங்கியது. அடியிலிருந்து மேடைக்கு 268 படிகள். பழனி ஏறிய கால்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை என்று அப்பா கிளம்பிவிட்டார்; அம்மாவின் மூட்டுக்கு அது பொருட்டாகத்தான் இருந்தது. நடுநடுவே அகலமான தளங்கள் உண்டு, நின்று நின்று ஏறலாம். நிழல் கிடையாது என்பதுதான் சிக்கல். வயதானவர்களோடு போகிறவர்கள் வெயில் ஏறுமுன் படியை முடித்துவிட்டு மடத்துக்கு வரவேண்டும், தலைகீழாகச் செய்யக் கூடாது. மேடை வரை ஏறக் கட்டணமில்லை.

மேலே போனதும் அம்மா வலது கையைப் பார்த்துவிட்டு, "இது அபய ஹஸ்தம்டா, நம்ம நடராஜருக்கு இருக்கிற மாதிரி," என்றார். சரியாகச் சொன்னார். வலது கை அபயம். மடியில் இருக்கும் இடது கை வரதம். சுற்றி இருக்கும் ஆறு வெண்கல தேவர்கள் பூ, தூபம், விளக்கு, நறுமணத் தைலம், பழம், இசை ஆகியவற்றைக் காணிக்கையாக ஏந்துகிறார்கள். ஒவ்வொருவர் கையில் என்ன இருக்கிறது என்பதை அம்மா வழிகாட்டிப் பலகையைப் படிக்காமலே கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் சிலையை இவ்வளவு நேரம் பார்த்தது அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. சைவர்களுக்கு ஹாங்காங்கில் சிரமம் அதிகம். காய்கறி என்று சொல்லி வாங்கினாலும் உள்ளே சிப்பி சாஸ் இருக்கும். ஆனால் மடத்தில் எல்லாமே சுத்த சைவம். வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. அதனால் நம் நாக்குக்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோதுமைப் புரதத்திலும் சோயாவிலும் செய்த ஒரு பதார்த்தம் பார்க்க அச்சு அசல் இறைச்சி மாதிரியே வந்தது. அம்மா தொடவில்லை. "சைவம்தான்மா" என்று நான் எவ்வளவு சொல்லியும், கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தை வெளியே மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்பா இரண்டு பேர் பங்கையும் முடித்தார்.

சாப்பிட்ட பிறகு பெரும்பாலோர் கேபிள் கார் பக்கம் இருக்கும் செயற்கைக் கிராமத்துக்குப் போகிறார்கள். அது கடைத்தெருதான், பத்து நிமிடம் போதும். அதற்குப் பதிலாக எதிர்ப்பக்கம் கால் மணி நேரம் நடந்தால் ஞானப் பாதை வரும். பிரக்ஞாபாரமிதை இருதய சூத்திரம் என்னும் பௌத்த நூலை 38 உயரமான மரத் தூண்களில் பொறித்து மலைச்சரிவில் 8 என்ற எண்ணின் வடிவத்தில் நட்டிருக்கிறார்கள். எழுத்து சீன அறிஞர் ஜாவ் சுங் யி உடையது. மேட்டில் நிற்கும் ஒரு தூணில் மட்டும் ஒன்றுமே எழுதவில்லை. சூத்திரம் பேசும் சூன்யத்துக்கு அது. சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் இவ்வளவு தூரம் நடப்பதில்லை. தலைக்கு மேல் லந்தாவு சிகரம் செங்குத்தாக நிற்கும்.

கேபிள் காரில் இறங்கும்போது ஒரு சின்னக் குழப்பம் வரும். பாதை நேராகப் போகாது. 5.7 கிலோமீட்டர், சுமார் 25 நிமிடப் பயணம். அதில் விமான நிலையத் தீவில் ஒரு நிலையத்துக்குள் நுழைந்து திசை திரும்பித்தான் துங் சுங்குக்குப் போகும். கதவு திறக்காது. இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று எழுந்து நிற்பவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம். கண்ணாடித் தரைப் பெட்டிக்குக் கூடுதல் கட்டணம். மேகமூட்டமான நாளில் அந்தப் பணம் வீண், கீழே வெள்ளையாக மட்டும்தான் தெரியும். தெளிவான நாளில் சாதாரணப் பெட்டியே போதும் என்பது என் கட்சி. பக்கவாட்டில் விமானங்கள் உங்கள் உயரத்துக்குக் கீழே தரையிறங்குவது தெரியும், அதைப் பார்க்கத் தரை கண்ணாடியாக இருக்க வேண்டியதில்லை. மலையைக் கெடுக்காமல் இருக்க, கட்டும்போது சாமான்களைக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு போனார்களாம். காருக்குக் கீழே ஒரு மீட்புப் பாதை கோடு மாதிரி தெரியும். அதில் நடந்து ஏறுகிறவர்கள் கையசைப்பார்கள்.

நாள் மிச்சமிருந்தால் நொங் பிங்கிலிருந்து 21-ஆம் எண் பஸ்ஸில் தாய் ஓ போகலாம். ஆனால் ஒரே நாளில் படகு, புத்தர், தாய் ஓ, கேபிள் கார் என்று நாலையும் திணித்தால் வயதானவர்கள் களைத்துவிடுவார்கள். அப்படித்தான் போக வேண்டுமென்றால் கேபிள் காரை விட்டுவிட்டு, தாய் ஓவிலிருந்து 11-ஆம் எண் பஸ்ஸில் துங் சுங் வந்து ரயில் பிடிப்பதுதான் வசதி. என்னைக் கேட்டால் தாய் ஓவுக்கு இன்னொரு நாள் கொடுங்கள்.

தாய் ஓ மீனவர் ஊர். தாங்கா என்னும் படகுவாழ் மக்கள் ஓடையின் இரு கரையிலும் சேற்றில் கால் நட்டு அதன் மேல் வீடு கட்டி வாழ்கிறார்கள். வீடுகளில் பல தகரம் வேய்ந்தவை, வெயிலில் கண் கூசும். 2000-இல் நடந்த பெரிய தீ விபத்தில் பல வீடுகள் எரிந்து மறுபடி கட்டப்பட்டன. 1996-இல் பாலம் வரும்வரை ஓடையைக் கடக்கக் கயிற்றால் இழுக்கும் படகுதான். பெண்கள் நின்று இழுப்பார்கள். இப்போது கருவாடும் இறால் விழுதும்தான் ஊரின் அடையாளம். சின்ன இறாலை உப்போடு அரைத்து வட்டத் தட்டுகளில் வெயிலில் காயவைப்பார்கள். மணம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வந்துவிடும். அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே ஊரைச் சுற்றினார். கருவாட்டுப் பிரியரான அப்பா ஒவ்வொரு கடையிலும் நின்றார். 2012 கடைசியில் ஹாங்காங் கடல்பகுதியில் இழுவலை மீன்பிடிப்பைத் தடை செய்த பிறகு இறால் வெளியிலிருந்துதான் வருகிறது, காயவைப்பது மட்டும் இங்கே. கடல்வளத்துக்கு அந்தத் தடை தேவைதான். ஆனால் தொழில் பாதி காட்சிப்பொருளாக மாறிவிட்டது என்பது கடைக்காரர்கள் முகத்தில் தெரிகிறது.

ஓடையோரம் சின்னப் படகுக்காரர்கள் வெள்ளை டால்பின் காட்டுவதாகக் கூப்பிடுவார்கள். பெயர்தான் வெள்ளை, வளர்ந்தவை இளஞ்சிவப்பு. அவற்றின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. அந்தக் கடலில் கப்பல் போக்குவரத்தும் கட்டுமானமும் அதிகம். 2018-இல் திறந்த ஜுஹாய் மக்காவ் பாலம் எதிரிலேயே நீளமாகக் கிடக்கிறது. டால்பினுக்காகப் படகு ஏறாதீர்கள், ஏமாற்றமே மிஞ்சும். வீடுகளை நீர்மட்டத்திலிருந்து பார்ப்பதற்காக ஏறினால் கொடுத்த காசுக்கு நியாயம். இன்னொன்று, அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே கேமராவை நீட்டுகிற கூட்டத்தில் நாமும் சேர வேண்டாம். சின்னக் கடைகளில் கார்டு எடுக்க மாட்டார்கள், கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையேற்றம் பிடித்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். லந்தாவு நடைபாதை மொத்தம் 70 கிலோமீட்டர், 12 பகுதிகள், முய் வோவில் தொடங்கி அங்கேயே முடியும். சிகரத்துக்குப் போவது மூன்றாம் பகுதி: பாக் குங் ஆவ் கணவாயிலிருந்து நொங் பிங் வரை வெறும் 4.5 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதல் பாதியில் கிட்டத்தட்ட 600 மீட்டர் உயரம் ஏற வேண்டும், அதுவும் ஒழுங்கில்லாத கல்படிகள். இறக்கம் அதைவிடச் செங்குத்து. துங் சுங்கிலிருந்து 3M, 11, 23 எந்த பஸ்ஸில் ஏறினாலும் பாக் குங் ஆவில் இறங்கலாம். நண்பனோடு போனபோது ஓய்வெல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. "டேய், இன்னும் ஒரு மேடுதான்" என்று அவன் ஒவ்வொரு மேட்டிலும் சொன்னான்.

அந்தப் பாதையில் கடை, குழாய், நிழல் மூன்றும் கிடையாது. கொஞ்ச உயரத்துக்கு மேல் மரமே இல்லை, புல்தான். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறையாமல் வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை ஏற வேண்டாம் என்பேன். வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்து திடகாத்திரமான ஆட்களையே சாய்க்கிறது, மத்தியானத்தில் இடி மழை வந்தால் அந்த மொட்டை முகட்டில் ஒதுங்க இடமில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பனிமூட்டம். ஏறி முடித்தால் உங்கள் கால்தான் தெரியும். நவம்பர், டிசம்பர் பொற்காலம். அப்போது சன்செட் பீக் பக்கம் நாணல் புல் வெள்ளியாகப் பூத்திருக்கும். அங்கே 1920-களிலிருந்து பாதிரியார்கள் கோடை வெப்பத்துக்குத் தப்பிக் கட்டிய கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. பூக்காலத்து வார இறுதியில் அந்த மலையிலும் வரிசை என்பதால் விடியற்காலையில் கிளம்புங்கள்.

கிளம்பும் முன் ஹாங்காங் வானிலை மையத்தின் செயலியைப் பாருங்கள். புயல் எச்சரிக்கை 3-ஆம் எண் ஏறினாலே திட்டத்தை மாற்றிவிடுங்கள். 8-ஆம் எண் ஏறினால் படகும் கேபிள் காரும் நின்றுவிடும், நகரமே கடையடைக்கும். பாதையில் ஒவ்வொரு 500 மீட்டருக்கும் எண் போட்ட கம்பம் இருக்கிறது. கடைசியாகத் தாண்டிய கம்பத்தின் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், ஆபத்தில் 999-ஐ அழைக்கும்போது இருக்கும் இடத்தைச் சொல்ல வேறெதுவும் தேவையில்லை.

திரும்பும்போது டாக்சி பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நகரத்துச் சிவப்பு டாக்சிகள் தெற்கு லந்தாவுக்கு வர அனுமதியில்லை. தீவுக்கென்று இருப்பவை நீல நிற டாக்சிகள். எண்ணிக்கை குறைவு, வார இறுதியில் கண்ணிலேயே படாது. சிகரத்திலிருந்து நொங் பிங் இறங்கியதும் மடத்துக் கடையில் சோயா பாலில் செய்த இனிப்புத் தயிர் மாதிரி ஒன்று கிடைக்கும், அதைச் சாப்பிட்டுவிட்டு நேராக 23-ஆம் எண் பஸ் வரிசைக்குப் போங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு அங்கே பஸ் குறைந்துவிடும். முய் வோவில் அந்தக் கவலை இல்லை, சென்ட்ரலுக்கு இரவு வெகுநேரம் வரை படகு உண்டு.